பணம் கட்டாதவன் எழுந்து நில்!



பள்ளிக்கூடத்திலே மாலையில் ஒரு மணி அடிக்கும். அதைக் கேட்டதும் பிள்ளைகள் துள்ளுவார்கள். அது வீட்டுக்கு விடும் மணி. அதே பள்ளிக்கூடத்திலே காலையில் ஒரு குரல் கேட்கும். அதைக் கேட்டதும் சில பிள்ளைகள் மட்டும் தலை குனிவார்கள். "பணம் கட்டாதவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க!" என்ற குரல் அது.

திருடனைக் கூட விசாரித்த பிறகுதான் குற்றவாளி என்கிறார்கள். அவனுக்கு வக்கீல் உண்டு, வாய்தா உண்டு, மேல் முறையீடு உண்டு. பத்து வயதுப் பாலகனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. நாற்பது பேர் நடுவிலே அவனை எழுப்பி நிறுத்துகிறார்கள். அவன் செய்த குற்றந்தான் என்ன? அவன் அப்பனுக்கு ஏழாம் தேதி சம்பளம். பள்ளிக்கூடம் வைத்த கெடுவோ முப்பதாம் தேதி!

இதை நான் ஏட்டிலே படித்துவிட்டுச் சொல்லவில்லை, தோழர்களே. எழுந்து நின்றவர்களிலே நானும் ஒருவன்.

2002ஆம் ஆண்டு. இந்தப் புதுவை நகரத்திலே, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பள்ளியில், நான் ஆறாம் வகுப்பு. அப்பா ஆலைத் தொழிலாளி. செஞ்சிக் கோட்டைக்கும் சாத்தனூர் அணைக்கும் எக்ஸ்கர்ஷன் என்று அறிவித்தார்கள். தலைக்கு 120 ரூபாய். பத்து நாளைக்கு முன்பிருந்தே வகுப்பிலே அதுதான் பேச்சு. யார் சன்னல் ஓரம், யார் வீட்டில் புளியோதரை, யார் வீட்டில் முட்டை, கோட்டையின் உச்சிக்கு முதலில் ஏறப் போகிறவன் யார் என்று ஒரே கலகலப்பு. நானும் அந்தப் பேச்சில் கலந்து கொண்டேன். சன்னல் ஓரத்துக்குப் பந்தயம் கூடக் கட்டினேன்.

அப்பாவிடம் கேட்டேன். "ஏழாம் தேதி தரேன்னு சார்கிட்டச் சொல்லுடா" என்றார். சாரிடம் சொன்னேன். "பஸ்காரன் ஏழாம் தேதி வரைக்கும் காத்திருப்பானா?" என்றார் சார். வகுப்பு சிரித்தது. அவர் கெட்டவர் அல்லர். பஸ்ஸுக்கு முன்பணம் கட்ட வேண்டியவர். அதை இன்று புரிந்து கொள்கிறேன். அன்று எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு மட்டுந்தான்.

விடியற்காலை ஆறு மணிக்குப் பேருந்து புறப்பட்டுவிட்டது. எஞ்சியவர்கள் ஒன்பது பேர். எங்களுக்கு விடுமுறையாவது விட்டார்களா? இல்லை! வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வர வேண்டும், வராவிட்டால் 'ஆப்சென்ட்'. ஐந்தாம் வகுப்பின் கடைசி வரிசையிலே எங்களை உட்கார வைத்தார்கள். அந்த வாண்டுகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. "அண்ணா, நீங்க ஏன் போகல?" என்று ஒன்று கேட்டது. "காய்ச்சல்" என்றான் என் பக்கத்திலிருந்தவன். ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்!

வேடிக்கை அதோடு முடியவில்லை. மறுநாள் தமிழ்ப் பாட வேளையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு: 'நான் சென்று வந்த சுற்றுலா'. பத்து மதிப்பெண். போனவன், போகாதவன் எல்லாரும் எழுத வேண்டும். நானும் எழுதினேன். கோட்டையில் ஏறினேன் என்று எழுதினேன், காற்று வீசியது என்று எழுதினேன், குரங்கு என் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கியது என்று எழுதினேன். பத்துக்கு ஏழு கிடைத்தது. என் வாழ்க்கையிலே நான் எழுதிய முதல் கட்டுரை அதுதான், தோழர்களே. அத்தனையும் பொய்!

ஏழாம் தேதி இரவு, சம்பளக் கவரோடு வந்த அப்பா, பனியனுக்குள்ளிருந்து நூற்று இருபது ரூபாயைத் தனியாக எடுத்து என் கையில் வைத்தார். "நாளைக்கு முதல் வேலையா இதைக் கட்டிடு" என்றார். பேருந்து போய் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

பணம் இல்லாமலில்லை, கவனியுங்கள்! தேதிதான் ஒத்து வரவில்லை. ஏழைக்கும் பணத்துக்கும் உள்ள உறவே இதுதான். இது மாதச் சம்பளத்தை வங்கியிலே வாங்கி, வங்கியிலேயே விட்டு வைக்கும் கனவான்களுக்கு விளங்காது. "வெறும் ஐந்நூறு ரூபாய்தானே, இது கூடவா முடியாது?" என்று கேட்பார்கள். முடியும் அய்யா, முடியும்! நீர் கேட்கிற அன்றைக்கு முடியாது. வம்பாக்கீரப்பாளையத்து மீனவனைக் கேட்டுப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையிலே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்காக அரசு போட்ட தடை, நல்ல தடைதான். ஆனால் கோடை விடுமுறை முடிந்து சீருடைக்கும் நோட்டுக்கும் 'ஸ்பெஷல் பீஸ்' என்பதற்கும் கை நீட்டுவது எப்போது? அதே ஜூனில்! வலை கரையிலே காய்கிறது. பிள்ளை வகுப்பிலே எழுந்து நிற்கிறது. கொத்தனாருக்கு மழைக்காலம், கட்டட வேலையில் சித்தாளாகப் போகும் தாய்க்கு ஐப்பசி கார்த்திகை, இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வறண்ட மாதம் உண்டு. பள்ளிக்கூடத்துக் காலண்டரில் அந்த மாதங்களுக்குச் சிவப்பு மை கிடையாது.

ஆண்டு விழாக்களைப் பார்க்கிறோம். மேடை, வண்ண விளக்கு, ஒலிபெருக்கி. புரட்சிக்கவிஞர் பாரதிதாசன் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடுவார்கள். இதே புதுவையில் 1891இல் பிறந்து, பிரெஞ்சு ஆட்சிக்கால் பள்ளிகளிலே முப்பத்தேழு ஆண்டு ஆசிரியராக இருந்தவர் அவர். அவர் பாட்டுக்கு ஆடுகிற பிள்ளை யார்? வாடகை உடைக்குச் சில நூறு ரூபாய் கட்டிய பிள்ளை. நன்றாக ஆடத் தெரிந்தும் கட்ட முடியாத பிள்ளை எங்கே? பின்வரிசையிலே கைதட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சில இடங்களில் அதற்குக் கூட வழியில்லை. 'நீ வர வேண்டாம்' என்று சொல்லி விடுகிறார்கள். சமத்துவம் பாடிய கவிஞனின் பாட்டுக்கு நுழைவுக் கட்டணம்! அவர் உயிரோடிருந்து முன்வரிசையிலே அமர்ந்திருந்தால், மேசை மீதிருந்த ரோசா மாலையைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் எழுந்து போயிருப்பார்.

பிள்ளைகளை வரிசை பிரித்து உட்கார வைக்கும் வித்தை நமக்குப் புதிதா? இந்தப் புதுவையிலே பத்தாண்டுக் காலம் அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. அய்யர், பின்னாளில் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். தேச பக்தியை ஊட்டுவதற்கென்று ஊரார் பணத்தில் நடந்த குருகுலம். அங்கே பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி போட்டார்கள். பெரியாரும் வரதராசலு நாயுடுவும் கேட்ட கேள்வியில் 1925ஆம் ஆண்டு தமிழ்நாடே கொதித்தது. "இரண்டே பிள்ளைகள்தானே, ஒரு வேளைச் சோறுதானே, இதையா பெரிதுபடுத்துவது?" என்று அன்றும் சமாதானம் சொன்னவர்கள் உண்டு. இன்று, "ஒரு நாள் சுற்றுலாதானே, ஒரு மாலை விழாதானே" என்று சொல்கிறவர்களும் அதே பள்ளியில் படித்தவர்கள்தாம். அன்று பந்தியில் பிரித்தார்கள். இன்று பட்டியலில் பிரிக்கிறார்கள். அன்று பூணூலைப் பார்த்தார்கள். இன்று ரசீதைப் பார்க்கிறார்கள்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சோற்று விஷயத்திலே இந்த மண் எப்போதோ முன்னேறிவிட்டது. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு தந்தார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. புதுவையிலும் பிரெஞ்சு ஆட்சியின்போதே 1930இல் மதிய உணவு தொடங்கிற்று. காமராசர் 1956இல், எம்.ஜி.ஆர். 1982இல், காலை உணவு 2022இல் என்று அது வளர்ந்தது. இன்று அரசுப் பள்ளியில் தட்டேந்தும் பிள்ளையிடம், 'உன் அப்பன் பணம் கட்டினானா?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஊரே திரண்டு விடும். ஒரு பிள்ளையின் வயிற்றை மதிக்கக் கற்றுக் கொண்டோம். அதன் முகத்தை மதிக்க இன்னும் கற்றுக் கொள்ளவில்லை.

கற்றுக் கொள்ளாததால் வருகிற விபரீதத்தையும் பாருங்கள். டில்லியிலே 2025ஆம் ஆண்டு ஒரு பெரிய தனியார் பள்ளி. உயர்த்திய கட்டணத்தைக் கட்ட மறுத்த குடும்பங்களின் பிள்ளைகளை வகுப்புக்குள் விடாமல் நூலகத்திலே உட்கார வைத்தார்கள், சிற்றுண்டிச்சாலைக்குப் போக விடவில்லை, தோழர்களோடு பேச விடவில்லை என்று மாவட்ட நிர்வாகத்தின் ஆய்வுக் குழு அறிக்கை கொடுத்தது. ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி, இப்படிப்பட்ட பள்ளி மூடப்பட வேண்டியது என்று கடிந்து கொண்டார். கவனியுங்கள், அங்கே அவதிப்பட்டவர்கள் குடிசைவாசிகள் அல்லர். காரில் வந்து இறங்குகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கே அந்தக் கதி!

அதற்கு முந்தைய மாதம், உத்தரப் பிரதேசத்துப் பிரதாப்கர் மாவட்டத்திலே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. 800 ரூபாய் பாக்கி. தேர்வு எழுத விடாமல் எல்லார் முன்னிலையிலும் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவள் தாயின் புகார். வீடு திரும்பிய அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். பள்ளிப் பொறுப்பாளர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என் பேனா மறுக்கிறது.

"சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்பீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையின் படிப்பைத் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணமும் செலவும் அதன் தலையில் விழக் கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. பதினேழாம் பிரிவு அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. மனத்தை வதைக்கவும் கூடாது என்கிறது. சுற்றுலா என்ற சொல்லோ ஆண்டு விழா என்ற சொல்லோ அதிலே இல்லைதான். ஆனால் நாற்பது பேர் முன்னால் ஒரு குழந்தையை எழுப்பி நிறுத்தி, 'உன் வீட்டில் பணமில்லை' என்று பறைசாற்றுவது மனவதை அல்லாமல் மாலை மரியாதையா? பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைப்பதும், பாக்கி என்று அதில் எழுதி அனுப்புவதும் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கடன் அப்பனுடையது என்றால் அப்பனிடம் கேள். பிள்ளையின் நெற்றியிலே எழுதாதே என்பதுதான் அதன் சாரம்.

வெளிநாட்டில் நெற்றியிலே எழுதவில்லை, கையிலேயே எழுதினார்கள்! அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2016இல் ஒரு சிறுவனின் கையிலே, சாப்பாட்டுக்குப் பணம் தேவை என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. நாடே காறித் துப்பியது. மறு ஆண்டே நியூ மெக்சிகோ மாநிலம், பாக்கிக்காகப் பிள்ளைக்கு முத்திரை குத்துவதையும் மேசை துடைக்க வைப்பதையும் தடுத்துச் சட்டம் செய்தது.

அதே அமெரிக்காவில் அதற்கு வெகு முன்பே நடந்த வழக்கு ஒன்று. நம் பேச்சுக்கு அச்சாகப் பொருந்துவது. கலிபோர்னியாவில் 1978இல் சொத்து வரியை வெட்டினார்கள். பள்ளிகளுக்கு வருமானம் சுருங்கியது. சாண்டா பார்பரா நகரத்துப் பள்ளி நிர்வாகம் ஒரு தந்திரம் செய்தது. பாடத்துக்குக் கட்டணமில்லை, நாடகத்துக்கு, இசைக்கு, விளையாட்டுக் குழுவுக்கு ஒவ்வொன்றுக்கும் 25 டாலர்! 'ஏழைகள் விண்ணப்பித்தால் விலக்களிப்போம்' என்றும் சொன்னது. வழக்கு மேலே மேலே போயிற்று. மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது: நாடகமும் இசையும் விளையாட்டும் கல்வியின் பகுதிகள், அவற்றுக்குப் பணம் கேட்கக் கூடாது. ஏழைக்கு விலக்குத் தருகிறோம் என்ற சமாதானத்தையும் அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏன்? 'நான் ஏழை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பாட வேண்டும் என்றால், அதுவும் ஒரு விதத்தில் எழுந்து நிற்கச் சொல்வதுதானே!

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, அரசுப் பள்ளியானது பள்ளி நேரத்துச் சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் விருப்ப நன்கொடை கேட்கலாம். தராதவன் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. பணம் சேராவிட்டால்? பயணமே ரத்து! எல்லாரும் போ, இல்லாவிட்டால் எவரும் போகாதே.

நம் புதுவையை 1954 வரை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் எழுதி வைத்தவன். இங்கே ஆண்டபோது அந்த மூன்று சொற்களுக்கும் அவன் கொடுத்த மரியாதையை ஆலைத் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30 அன்று பார்த்தார்கள். பன்னிரண்டு பேர் சுடப்பட்டு மாண்டார்கள். அந்த இரத்தத்திற்குப் பிறகுதான் 1937இல் எட்டு மணி நேர வேலை வந்தது. ஆனால் அவன் சொந்த நாட்டில் நடப்பதையும் சொல்லத்தானே வேண்டும்? தொடக்கக் கல்வியை 1881இலேயே இலவசமாக்கியவன் அவன். 1999இல் அந்த நாட்டுக் கல்வி அமைச்சகம் பள்ளிச் சுற்றுலா பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது. பணக் காரணத்துக்காக எந்த மாணவனையும் சுற்றுலாவிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று அதிலே பச்சையாக எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப் போன தெருப் பலகைகளை இன்றும் வெள்ளை நகரத்திலே துடைத்துத் துடைத்துப் பாதுகாக்கிறோம். சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். அந்தச் சுற்றறிக்கையையும் மொழிபெயர்த்து ஒரு பலகையிலே எழுதிப் பள்ளி வாசலில் மாட்டினால் என்ன?

"எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது? பஸ்காரன் சும்மா வருவானா? விளக்குக்காரன் சும்மா விளக்குப் போடுவானா?" என்று தலைமையாசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. வகுப்பாசிரியரை வசூல்காரனாக்கியது அவர் குற்றமல்ல. அவர் கையிலே விழாவைக் கொடுத்து, காசைக் கொடுக்காதவர்களின் குற்றம். ஆனால் விழாவின் அளவை எவன் நிர்ணயித்தான்? செஞ்சிக்குப் போகப் பணம் சேரவில்லையா, பிள்ளைகளை நகரப் பேருந்திலே ஏற்றி அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போ. ரோமாபுரியோடு வாணிபம் நடந்த துறைமுகம் நகரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. வாடகை உடை இல்லாவிட்டால் சீருடையிலே ஆடட்டும். ஆட்டம் காலில் இருக்கிறதா, சரிகையில் இருக்கிறதா?

இப்போது நம் பக்கம் வருகிறேன், தோழர்களே. கோபித்துக் கொள்ளாதீர்கள். தலைவர் வருகிறார் என்றால் நெல்லித்தோப்பிலிருந்து முதலியார்பேட்டை வரை பதாகை கட்டுகிறோம். மறுநாள் அதை ஆடு மேயும் கொட்டகைக்கு மேலே போடுகிறோம். ஒரு பதாகையின் செலவிலே எத்தனை பிள்ளைகள் பேருந்து ஏறலாம் என்று எந்தக் கிளைச் செயலாளராவது கணக்குப் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்னொரு வழக்கமும் உண்டு. நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம் என்று பத்துப் பிள்ளைகளை மேடையேற்றி, ஒரு நோட்டை ஆறு பேர் பிடித்துக் கொண்டு படம் எடுக்கிறோம். அந்தப் பிள்ளை கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பது ஏன் என்று யோசித்தோமா? வகுப்பிலே எழுந்து நின்ற பிள்ளையைத் தெருவிலே எழுப்பி நிறுத்துகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு மாநாடு வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். அதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவு, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதிலே முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர்கள். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். ஆலையிலும் கடலிலும் கட்டடத்திலும் உழைக்கிறவர்கள் நாம்தான் அந்தப் பள்ளிகளின் பெற்றோர்கள். ஆனால் கூட்டத்துக்குப் போகிறவர் யார்? கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வீட்டிலுள்ள அம்மாக்களை முதலில் அனுப்புங்கள். அவர்களுக்கு இந்த வலி நம்மைவிட நன்றாகத் தெரியும். கட்டியவர், கட்டாதவர் பட்டியலை வகுப்பிலே படிக்கக் கூடாது. பணம் பற்றிய பேச்சு பெற்றோரோடு மட்டும், அதுவும் தனியாக. கெடு தேதி பத்தாம் தேதிக்கு முன்னால் வேண்டாம். சேர்ந்த பணத்துக்கு ஏற்ற விழா. ஒரு பிள்ளை நின்றாலும் பேருந்து நிற்கும். இவ்வளவையும் தீர்மானமாக எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு பதிவேட்டில் ஏற்றுங்கள். தனியார் பள்ளிகளில் இந்தக் குழு கிடையாது. அங்கே பதினேழாம் பிரிவைக் காட்டிக் கல்வித்துறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்த பெற்றோரைத் தனியே விட்டு விடாமல் கிளைத் தோழர்கள் நால்வர் உடன் போக வேண்டும். வாயிலில் நின்று கூச்சலிடுவதற்கல்ல, பக்கத்து நாற்காலியில் உட்காருவதற்கு.

என் கட்டுரைக்கு ஏழு மதிப்பெண் போட்ட ஆசிரியரைப் பல ஆண்டுகள் கழித்துப் பெரிய மார்க்கெட் வாசலிலே பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். மேடையில் என் பேச்சைக் கேட்டதாகச் சொல்லி மகிழ்ந்தார். பேச்சுவாக்கில் அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "பஸ்ஸில் நான் எண்ணிப் பார்த்தேன்ப்பா, நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கினது மட்டும் நல்லா எழுதியிருந்தே. அதனாலதான் ஏழு போட்டேன்" என்றார்.

அந்த 120 ரூபாயை அன்றிரவே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்காமல் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார். மறு வாரம் தங்கையின் பள்ளியில் ஆண்டு விழா என்று பணம் கேட்டார்கள்.